"ஏய், இங்க தண்ணி கிடக்கு, துடை!"

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், எங்கள் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவிடம் இப்படிச் சொன்னான். அவனை உட்காரவைத்து மரியாதையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பாதியில்தான் உறைத்தது: ஆசிரியர்கள் நாங்களே அந்த அம்மாவை ஒருநாளும் 'வாங்க' என்று அழைத்ததில்லை. காலையில் முப்பது பிள்ளைகள் கோரஸாக வணக்கம் சொல்லும்போது, நிமிர்ந்து பார்த்துப் பதில் வணக்கம் சொன்னதும் குறைவு. மேலே இருப்பவருக்குத்தான் மரியாதை என்று பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். மரியாதை, சுத்தம், சுற்றுச்சூழல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் நாம் முதலில் மாற்ற வேண்டியது நம் வாயைத்தான்.

இரண்டாவது தவறு, குப்பை பொறுக்குவதைத் தண்டனையாக்குவது. தாமதமாக வந்தவன் மைதானத்தைச் சுத்தம் செய் என்றால், அது கேவலமான வேலை, அதைச் செய்கிறவரும் கேவலமானவர் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். துடைப்பம் எப்போதும் எந்தப் பிள்ளைகள் கைக்கே போகிறது என்றும் கவனியுங்கள். அதில் சாதி ஒளிந்திருக்கும். வகுப்பறையைப் பெருக்குவது என்றால் முறை வைத்து எல்லாரும் பெருக்கட்டும், ஆசிரியரும் சேர்த்து. கழிப்பறை கழுவுவது பிள்ளைகள் வேலையே இல்லை.

பிளாஸ்டிக் கொண்டுவந்த பிள்ளையைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்திவைப்பதும் அப்படித்தான். கடையில் வாங்கிக் கொடுத்தது வீட்டுப் பெரியவர்கள். தலைகுனிவது ஏழு வயதுப் பிள்ளை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோரிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றை வீணாக்காதே என்று திட்டுகிறோம். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே கரண்டி அளவில் பரிமாறுவது யார்? மதியம் வரிசையில் நின்று பார்த்தேன். ஒரு சின்னப் பெண் தட்டை நீட்டியபடி "போதும் போதும்" என்றாள். அதற்குள் இரண்டாவது கரண்டி சாம்பார் சாதமும் விழுந்துவிட்டது. முட்டையை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை வாளியில் கொட்டினாள். சமையலம்மாவிடம் பேசி, முதலில் அரைக் கரண்டி, வேண்டுமென்றால் மறுபடி வந்து கேட்டு வாங்கலாம் என்று மாற்றினோம். வாளி லேசாகிவிட்டது. கேட்டு வாங்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவும் வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிந்தது.

நட்சத்திர ஸ்டிக்கர், பரிசு எல்லாம் அளவோடுதான். ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு, பரிசு இல்லாத நாட்களில், மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் வரைந்த நேரம் குறைந்துபோனது. அமெரிக்காவில் நடந்த இந்த ஆய்வு 1973-இல் வெளிவந்தது. என் வகுப்பில் ஒரு சிறுமி, குப்பை பொறுக்கினால் கிடைக்கும் நட்சத்திரம் வேண்டி, தன் நோட்டிலிருந்தே தாளைக் கிழித்துப் போட்டுப் பொறுக்கினாள். அன்றோடு ஸ்டிக்கரை நிறுத்தினேன்.

'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று தெர்மாகோலில் மாடல் செய்துவரச் சொல்லாதீர்கள். அது மக்காது.

கடைசியாக, ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் நடும் மரக்கன்று. போட்டோ எடுத்ததும் மறந்துபோகிறோம், வெயிலில் கன்று கருகிவிடுகிறது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு நல்ல மழை ஐப்பசியில்தான். அப்போது நடுங்கள், ஒரு வகுப்புக்கு ஒரே கன்று. தட்டு கழுவும் தண்ணீர் அங்கே ஓடும்படி பிள்ளைகளோடு சேர்ந்து சின்ன வாய்க்கால் வெட்டுங்கள். விடுமுறையில் யார் வந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என்பதைப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும்.