பச்சையாகக் கலங்கிய மீன்தொட்டி நீரைத் தெளியவைக்கும் முறை

மீன்தொட்டியின் நீர் பச்சையாகக் கலங்கியதும் பலரும் செய்வது, இருக்கும் நீரை முழுவதும் இறைத்துவிட்டுப் புதுநீரை நிரப்புவதுதான். சில நாட்களில் அதே பச்சை திரும்பிவிடுகிறது. நீரில் மிதக்கும் ஒற்றைச்செல் பாசிகளே இந்த நிறத்துக்குக் காரணம். அவை மிக நுண்ணியவை என்பதால் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரில் சிக்காமல் ஊடுருவிச் செல்கின்றன. ஒளியும் சத்தும் கிடைக்கும்வரை, எஞ்சிய சிறு அளவிலிருந்தே மீண்டும் பெருகுகின்றன. ஆகவே நீரை மாற்றுவதைவிட ஒளியை நிறுத்துவதே முதன்மையான சிகிச்சை.

முதலில், உங்கள் தொட்டியில் இருப்பது இந்தப் பாசிதானா என்று பாருங்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டி நீரை எடுத்தால் பச்சை நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும். பால் கலந்ததுபோல் வெண்மையாகத் தெரிந்தால் அது பாக்டீரியாப் பெருக்கம்; புதிதாக அமைத்த தொட்டிகளில் அது இயல்பாக வந்து தானாகவே அடங்கும். நீர் தெளிவாக இருந்து கண்ணாடியில் மட்டும் பச்சை படிந்திருந்தால், சுரண்டி எடுப்பதே போதும்.

ஒளியை நிறுத்தத் தொட்டியைச் சில நாட்கள் மூடிவைப்பதே இருட்டடிப்பு. அதைத் தொடங்கும் நாளில், அடியிலுள்ள சரளைக்கற்களுக்கிடையே தங்கிய கழிவையும் உண்ணாத தீவனத்தையும் சிஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நீரை மாற்றுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர் என்பதால், இரண்டு வாளி நீர் தயாராக இருந்தால் போதும். குழாய் நீரில் குளோரின் இருந்தால், மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் புட்டியில் குறிப்பிட்ட அளவில் கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து இறைத்த நீரிலேயே பிழிந்து அலசுங்கள். குழாயடியில் கழுவினால், மீன்களுக்கு நச்சான அமோனியாவைச் சிதைக்கும் நன்மைதரும் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும்.

அதன்பின் தொட்டி விளக்கை அணைத்து, நான்கு பக்கங்களையும் மேற்புறத்தையும் தடித்த போர்வையாலோ கருப்புத் துணியாலோ மூடி, 3 முதல் 4 நாட்கள் அப்படியே விடுங்கள். காற்று உட்செல்லச் சிறு இடைவெளி இருக்கட்டும். ஆனால் வெளிச்சம் நேராக விழக்கூடாது. இந்த நாட்களில் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடியே ஆக வேண்டும். இருட்டில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதில்லை என்பதோடு, நீரிலுள்ள ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. அது மடிந்து அழுகும்போது மேலும் ஆக்சிஜன் செலவாகிறது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இருட்டடிப்பை உடனே நிறுத்திப் பாதி நீரை மாற்றுங்கள். வளர்ந்த, நோயற்ற மீன்கள் இந்த நாட்களில் தீவனமின்றித் தாங்கும். குஞ்சுகள் தாங்கா, அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது.

துணியை அகற்றும்போது நீர் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கலாம். அது மடிந்த பாசி. தங்கவிட்டால் அழுகி அமோனியாவாகும். அன்றே பாதி நீரை மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சை மறுபடியும் அலசுங்கள். முடிந்தால் அமோனியா சோதனைக் கிட் ஒன்றை வாங்கி, அளவு சுழியமாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதற்குப் பிந்தைய வாரங்களில்தான் பெரும்பாலோர் கவனத்தைத் தளர்த்துகிறார்கள். பாசி திரும்பி வருவதும் அப்போதுதான். விளக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். செடிகள் நிறைந்த தொட்டியானால் படிப்படியாக 8 மணி நேரம்வரை உயர்த்தலாம். ஜன்னல் வெயில் தொட்டிமீது விழுமானால் தொட்டியை இடம் மாற்றுங்கள், இயலாவிட்டால் திரையாவது போடுங்கள். தீவனத்தை இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கே போடுங்கள். மிஞ்சுவதெல்லாம் பாசிக்கு உணவாகும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறுகிறது. சிறு தொட்டியில் பல தங்கமீன்களை வைத்திருப்பவர்கள், எண்ணிக்கையைக் குறைக்காதவரை இந்தத் தொல்லையிலிருந்து மீள்வது கடினம், ஏனெனில் அவை மிகுதியாகக் கழிவை வெளியேற்றும் மீன்கள். ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளைச் சிறிதளவு விட்டால், அவை அந்தச் சத்துகளை எடுத்துக்கொண்டு நிழலும் தரும்.

இருட்டடித்தும் பச்சை மீண்டும் மீண்டும் திரும்பினால், புறஊதா விளக்கு பொருத்திய ஃபில்டர் நல்ல துணை. பாசி அந்த ஒளியைக் கடக்கும்போது செயலிழக்கிறது; நீரோட்டம் மெதுவாக இருந்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். எரியும் புறஊதா விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. பாசிக்கொல்லி மருந்துகளை நான் பரிந்துரைப்பதில்லை. செம்பு கலந்தவை இறால்களையும் நத்தைகளையும் கொன்றுவிடும். படிகாரம் போடுவதும் வேண்டாம், அது நீரின் காரத்தன்மையைக் குறைத்து மீன்களைத் துன்புறுத்தும்.