சிறு படகுக்குக் கான்கிரீட் நங்கூரக் கல் வார்ப்பது

நான் முதலில் வார்த்த கல் 60 கிலோ. கரையில் அதைப் புரட்டவே இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது. அதை நம்பிப் படகைக் கட்டிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி அடித்த காற்றில் படகு கல்லையும் இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டது.

கோட்டை விட்டது எடைக் கணக்கில்தான். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ, கடல்நீர் 1,025. அதனால் தண்ணீருக்குள் போனதும் கல்லின் எடையில் பத்தில் நாலு பங்குக்கு மேல் காணாமல் போகும். என் 60 கிலோ கல் அடியில் வெறும் 34 கிலோதான். இரும்பு என்றால் எட்டில் ஒரு பங்குதான் குறையும். பழைய இரும்புத் துண்டுகள் கிடைத்தால் கான்கிரீட்டை விட அதுவே மேல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கலவை 1:2:3. சிமென்ட், மணல், ஜல்லி. அச்சுக்குப் பழைய டயர் போதும். அடியில் மணலைக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து ஊற்றுங்கள். கல்லின் அடி குழிவாக வரும், சேற்றில் நன்றாகப் பிடிக்கும். கொக்கியை வெறுமனே செருகாதீர்கள். வளைத்த கம்பி கல்லின் அடிவரை இறங்கி, உள்ளே குறுக்குக் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போடுங்கள், 28 நாள் கழித்து இறக்குங்கள்.

கயிறு நைலான்தான். அது இழுபட்டுக் கொடுக்கும். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், அடுத்த படகின் விசிறியில் சிக்கும். கல்லுக்குப் பக்கத்தில் சில மீட்டர் சங்கிலி போடுங்கள். கடல் ஏற்றத்தின்போது ஆழம் 4 மீட்டர், நீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1 மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி அதன் ஐந்து மடங்கு, குறைந்தது 25 மீட்டர் விட வேண்டும்.

சேர்த்தது: துருப்பிடிக்காத எஃகு ஷேக்கிள் (சங்கிலியை மாட்டும், குறுக்கு ஆணி போட்ட U வடிவ வளையம்) போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். துத்தநாகம் பூசிய சங்கிலியோடு வேண்டாம். கடல்நீரில் சங்கிலியின் பூச்சு சீக்கிரம் அரித்துப் போகும். எந்த ஷேக்கிளானாலும் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

இன்னொருவர் அனுமதி வாங்காமல் இருக்க வழி கேட்டார். கல்லை அடியிலேயே விட்டால் பல இடங்களில் அது நிரந்தரக் கட்டுமிடம், அனுமதி வேண்டும். கல் இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவையை மறைத்து ஏமாற்றப் பார்த்தால் மற்ற படகுகள்தான் மாட்டும். அனுமதி வேண்டாம் என்றால் கல்லை மறந்துவிட்டு, கிளம்பும்போது தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கொக்கி நங்கூரம் வாங்குங்கள். அதற்கும் சில இடங்களில் இத்தனை நாள்தான் நிற்கலாம் என்ற கணக்கு உண்டு. பவளத்திட்டு, கடற்புல் மேல் இறக்கவே கூடாது.