இரண்டு சைக்கிள், ஒரே ஃபோன்: டான்யூப் கரையில் செய்யக் கூடாத தவறுகள்

அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வெளிநாட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்றால், முதலில் வரும் கேள்வி "முட்டி தாங்குமா?" என்பதுதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்களிடமும் பாதிப்பேர் அதையே கேட்டார்கள். முட்டி தாங்கியது. நாங்கள் தடுமாறியதெல்லாம் வேறு இடங்களில்.

நாங்கள் போனது டான்யூப் ஆற்றங்கரைப் பாதை. ஜெர்மனியின் பாசாவில் ஆரம்பித்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை, சுமார் 320 கிலோமீட்டர். ஆறு ஓடும் திசையிலேயே போவதால் ஏற்றம் அதிகமில்லை. கூட வழிகாட்டி யாரும் வர மாட்டார்கள். வழிப்படமும் வாடகை சைக்கிளும் ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் பெயரும் கையில் இருக்கும். பெட்டி வேனில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

எங்கள் பெரிய தவறு, வழி முழுவதையும் ஒரே ஃபோனில் வைத்திருந்தது. அதுவும் இவருடைய ஃபோனில். இந்தப் பாதை பல இடங்களில் ஆற்றின் இரு கரையிலும் போகிறது. நடுநடுவே சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் சின்னப் படகுகள் உண்டு. ஷ்லேகன் என்ற இடத்தில் ஆறு பாம்புபோல வளைந்து திரும்புகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நான் பின்தங்கிவிட்டேன். நான் முன்னால் போய்விட்டதாக நினைத்து இவர் படகேறி அக்கரைக்குப் போய்விட்டார். ஃபோன் அவரிடம், பணப்பை என்னிடம். அவர் சட்டைப்பையில் இருந்த சில்லறை போவதற்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. அக்கரையில் மஞ்சள் சட்டை தெரிகிறது, கையை ஆட்டுகிறது, கத்துவது காதில் விழவில்லை. கடைசியில் நான்தான் படகேறிப் போனேன். "எங்கே போனீங்க?" என்றேன். "நீதானே முன்னாடி போனே!" என்றார். அன்று சாயங்காலம் வரை அவ்வளவுதான் பேச்சு.

ஆகவே இருவர் ஃபோனிலும் இணையம் இல்லாமலே திறக்கிற வரைபடம் இருக்கட்டும். தங்கும் விடுதியின் பெயரைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தையும் மாத்திரையையும் பிரித்து வையுங்கள். பாதை பிரியும் இடத்திலும் படகுத்துறையிலும் முன்னால் போனவர் நின்று காத்திருக்க வேண்டும். இதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அவசர எண் 112. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அதுதான்.

அடுத்தது சீட் உயரம். பாதம் முழுசாகத் தரையில் படிய வேண்டும் என்று சீட்டை இறக்கியே ஓட்டிப் பழகியவர்கள் நாம். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று வருவதற்கு அது போதும். நாளெல்லாம் மிதித்தால் முட்டிதான் மாட்டிக்கொள்ளும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான அளவு. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். அதை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். நடுக் கம்பி இல்லாத சைக்கிளாகவும் கேட்டு வாங்குங்கள். "லேடீஸ் சைக்கிளா?" என்று இவர் முறைத்தார். அங்கே தாத்தாக்களே அதைத்தான் ஓட்டுகிறார்கள்.

பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஸ்கூட்டரில் வலது கைப் பிடி முன் பிரேக். அங்கே சைக்கிளில் பெரும்பாலும் இடது கைப் பிடி. போதாததற்கு வண்டிகள் வலப்பக்கமாகப் போகும். நேரே போகும்போது தெரியாது. காலையில் தூக்கக் கலக்கத்தோடு விடுதி வாசலிலிருந்து சாலையில் திரும்பும் நொடியில்தான் பழைய பழக்கம் இடப்பக்கம் இழுக்கும்.

பயிற்சியில் எல்லோரும் செய்யும் தப்பு, ஞாயிறு மட்டும் நீளமாக ஓட்டிவிட்டு வாரம் முழுக்க ஓய்வெடுப்பது. பயணத்தில் ஒரு நாள் ஓட்டுகிற தூரம் ஏறக்குறைய புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்புவதுதான். ஒரு நாள் யாரும் போய் வந்துவிடலாம். மறுநாளும் அதே சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை. வெயிலுக்கு முன்பே கிளம்பி, மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் தோல் உரிந்த பிறகு சொல்வதில் பயனில்லை. பெண்கள் அதன்மேல் தொளதொள சட்டை போட்டுக்கொள்ளலாம். துப்பட்டா வேண்டவே வேண்டாம், சக்கரத்தில் சிக்கும்.

இரண்டு நாட்டுக்கும் ஷெங்கன் என்ற ஒரே விசாதான். அதற்கு, பாசாவில் இறங்குகிறோமே என்று ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கப் பார்த்தோம். அதிக இரவுகள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு அது ஆஸ்திரியா. (பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நம் ஊர் சொல்தா குடும்பங்களுக்கு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, இந்தக் கவலை இல்லை.) காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையோடு நின்றுவிடாமல், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் பேட்டரி சைக்கிளில் விழுந்தாலும் அது பொருந்துமா என்று பாலிசியைப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15-ம் ஆஸ்திரியாவில் விடுமுறை, மாதா விண்ணேற்பு விழா. சைவம் சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமையே ரொட்டியும் தயிரும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் வாகாவ் பள்ளத்தாக்கில் ஜூலையில் போனால் ஆப்ரிகாட் பழம் கிடைக்கும். நான் அதையே ஒரு வேளைச் சாப்பாடாக முடித்துக்கொண்டேன்.

இருவரில் ஒருவருக்குத் தெம்பு குறைவென்றால் அவருக்கு மட்டும் பேட்டரி சைக்கிள் எடுங்கள். அதிலும் மிதிக்கத்தான் வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரைதான் மோட்டார் துணைக்கு வரும். எடுக்க வேண்டியவர் பெரும்பாலும் எடுக்க மாட்டேன் என்பார். எங்கள் வீட்டில் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசித் தவறு, காசு கொடுத்தாயிற்று என்று ஒவ்வொரு கிலோமீட்டரையும் மிதித்தே தீருவேன் என்பது. ஆற்றையொட்டி ரயில் போகிறது, சைக்கிளுக்கும் டிக்கெட் உண்டு. மழை பிடித்துக்கொண்டதால் டூல்ன் ஊரிலிருந்து வியன்னாவுக்கு நாங்கள் ரயிலில்தான் போனோம். இவர் மட்டும் இன்னும் யார் கேட்டாலும் 320 கிலோமீட்டர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.