உலகத் திருச்சபை ஒன்று அமைப்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகம் முழுக்கச் சபைகள் உள்ள ஒரு திருச்சபை தன் நிர்வாக அமைப்பை மாற்றும்போது எங்கே விரிசல் விடுகிறது என்று பார்க்க, அமெரிக்காவை மையமாகக் கொண்ட புராட்டஸ்டன்ட் பிரிவான யுனைடெட் மெதடிஸ்ட் திருச்சபையின் அண்மைக் கால வரலாறு போதும். அதை உன்னிப்பாகப் படித்தால் ஒன்று தெரிகிறது. கொள்கை வேறுபாடு எல்லாத் திருச்சபையிலும் உண்டு. முடிவெடுத்த விதத்தின் மேல் நம்பிக்கை போகும்போதுதான் ஆட்கள் கிளம்புகிறார்கள்.

பெரிய தவறு, வாக்கு எண்ணிக்கையோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பது. 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், திருச்சபையின் உச்ச முடிவெடுக்கும் அவையான பொது மாநாடு சிறப்புக் கூட்டமாகக் கூடியது. தன்பாலீர்ப்பாளர்கள் போதகராவதற்கும் அவர்களின் திருமணத்தைப் போதகர்கள் நடத்துவதற்கும் இருந்த தடையை இன்னும் இறுக்கும் திட்டம் 438க்கு 384 என்ற கணக்கில் நிறைவேறியது. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்காவில் தோற்ற தரப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. ‘ஆண்டு மாநாடு’ என்று அழைக்கப்படும் வட்டார நிர்வாக அமைப்புகள் பல வெளிப்படையாகவே எதிர்த்தன. அதனால் மனம் வெறுத்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் வாக்கெடுப்பில் வென்றவர்கள்! 2023 முடிவதற்குள் அமெரிக்காவில் மட்டும் 7,600க்கும் அதிகமான சபைகள், அதாவது அங்கிருந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்கு, விலகிவிட்டன. ஐம்பத்து மூன்று சதவீத ஆதரவில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம், ஒரு திருச்சபையைச் சேர்த்துப் பிடிக்க முடியாது. மறுபாதி ஒத்துழைக்காது என்று தெரிந்த பிறகும் வாக்கெடுப்புக்குப் போவது, பிரிவினைக்கு நாள் குறிப்பதுதான்.

இரண்டாவது தவறு, திட்டத்தைத் தலைமையகம் உள்ள நாட்டிலேயே எழுதி மற்றவர்களிடம் ஒப்புதல் மட்டும் கேட்பது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, பிலிப்பைன்ஸ் பகுதிகளில் உள்ள மாநாடுகளுக்குத் தங்கள் நாட்டுச் சூழலுக்கு ஏற்ப திருச்சபையின் சட்டப் புத்தகமான ஒழுங்குமுறை நூலின் சில பகுதிகளை மாற்றிக்கொள்ளும் உரிமை வெகுகாலமாக இருந்தது. அமெரிக்கச் சபைகளுக்கு அப்படித் தனி அரங்கு இருக்கவில்லை. அதனால் அமெரிக்கப் போதகர்களின் ஓய்வூதியம் போன்ற உள்நாட்டு விஷயத்துக்குக்கூட, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் உலகப் பொது மாநாட்டில் காங்கோவிலிருந்து வந்தவர் கை தூக்க வேண்டியிருந்தது. இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. 2008ல் அதற்கான சட்டத் திருத்தங்களைப் பொது மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆண்டு மாநாடுகளின் வாக்கெடுப்பில் அவை தோற்றன. அமெரிக்கர்கள் நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வெளிநாட்டுச் சபைகளில் எழுந்தது. அமெரிக்காவிலும் பழைய வடு ஒன்று உண்டு. 1939ல் மெதடிஸ்டுகள் ஒன்றிணைந்தபோது கறுப்பினச் சபைகளைத் தனி மண்டலமாக ஒதுக்கினார்கள். 1968ல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. அந்தக் காயத்தை அறிந்தவர்கள், ‘மண்டலமாகப் பிரிப்போம்’ என்று யார் சொன்னாலும் இரண்டு முறை யோசிப்பார்கள்.

கிட்டத்தட்ட அதே யோசனை, அதாவது அமெரிக்கா உட்பட ஒவ்வொரு பகுதிக்கும் சம உரிமையுள்ள தனி மண்டல மாநாடு, 2024ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் கூடிய பொது மாநாட்டில் 586க்கு 164 என்று நிறைவேறியது. ஆண்டு மாநாடுகளும் 91 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தன. 2025 நவம்பரில் அந்த முடிவு அறிவிக்கப்பட்டது. பிடிக்காத சபைகள் பல ஏற்கெனவே போய்விட்டதும் இதற்கு ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் இம்முறை வரைவுக்கு அடித்தளம் போட்டவர்கள் பிலிப்பைன்ஸ், ஆப்பிரிக்க, ஐரோப்பியச் சபைத் தலைவர்கள். ‘எங்களுக்கும் சம உரிமை வேண்டும்’ என்று அவர்கள் கேட்டபோது, அது யாரையோ கழற்றிவிடும் திட்டமாகத் தெரியவில்லை. யார் எழுதுகிறார்கள் என்பது என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான எடை கொண்டது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது, எது மாறாது என்பதைக் கடைசிச் சபையார் வரை சொல்லாமல் விடுவது. 2024ல் பழைய தடைகள் நீக்கப்பட்டபோது, விருப்பமில்லாத போதகர் எந்தத் திருமணத்தையும் நடத்த மறுக்கலாம் என்பது தெளிவாகவே இருந்தது. திருமணத்துக்கான விளக்கத்தில் ஆணும் பெண்ணும் என்ற சொற்களையும், இரு வயதுவந்த நபர்கள் என்ற சொற்களையும் சேர்த்தே வைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் ஜிம்பாப்வே பிரதிநிதி ஒருவர். இருந்தும் ஆப்பிரிக்கச் சபைகளை இனி எல்லாவற்றுக்கும் கட்டாயப்படுத்துவார்கள் என்ற பேச்சு முந்திக்கொண்டது. மாநாடு முடிந்து ஒரு மாதத்துக்குள் ஐவரி கோஸ்ட் திருச்சபை விலகுவதாக வாக்களித்தது. வதந்தி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய நம்பிக்கை சார்ந்த எதிர்ப்பு உண்மையானது. அந்த எதிர்ப்புக்கும் இந்த அமைப்பில் இடம் உண்டு என்பதை அவர்கள் மொழியில், அவர்கள் பேராயர்கள் வாயால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில் பேச்சைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. 1844ல் அடிமை முறையால் அமெரிக்க மெதடிஸ்டுகள் வடக்கு, தெற்கு என்று பிரிந்தார்கள். பதிப்பகச் சொத்தை யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1854ல்தான் தீர்ந்தது. மீண்டும் சேர 1939 ஆனது. 2019ல் விலகுவோருக்கு வழி வகுத்தார்கள். திருச்சபையின் பொதுச் செலவுக்கு ஒவ்வொரு சபையும் கட்டும் பங்குத்தொகையை இரண்டு ஆண்டுக்கும், ஓய்வூதியப் பாக்கியும் கட்டிவிட்டுக் கட்டடத்தோடு போகலாம். ஆனால் அது அமெரிக்காவுக்கு மட்டும் என்று ஆனது. ஒரே திருச்சபைக்குள் வெளியேறும் வாசல் சிலருக்கு மட்டும் திறந்திருந்தால், மற்றவர்கள் தங்களை இரண்டாம் தர உறுப்பினராகத்தானே உணர்வார்கள்?

(இந்திய மெதடிஸ்ட் திருச்சபை 1981லும், இலங்கை மெதடிஸ்ட் திருச்சபை 1964லும் தன்னாட்சி பெற்றவை. இந்த வாக்கெடுப்புகள் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை.)

கடைசியாக, பலர் சின்ன விஷயமாக நினைக்கும் விசா. கொரோனாவால் 2020 மாநாடு தள்ளிப்போனது. 2022லும் நடக்காமல் போனதற்கு விசாத் தாமதம் முக்கியக் காரணம். அதைச் சொல்லிக் காத்திருக்க மறுத்தவர்கள் அந்த ஆண்டு மே 1ல் பழமைவாதிகளின் தனித் திருச்சபையாக குளோபல் மெதடிஸ்ட் திருச்சபையைத் தொடங்கிவிட்டார்கள். 2024லும் அழைப்புக் கடிதம் நேரத்தில் வரவில்லை, விசா கிடைக்கவில்லை என்று ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் பலரின் இருக்கைகள் காலியாகவே கிடந்தன. அவர்கள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்காமல் இருக்கலாம். ஆனால் வராதவரிடம் அதைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. மாநாட்டுத் தேதி குறித்த அன்றே அழைப்புக் கடிதங்களும் போக வேண்டும். ஒவ்வொரு பிரதிநிதிக்கும் மாற்று ஆள் விசாவோடு தயாராக இருக்க வேண்டும். இவை நடக்காவிட்டால், அமைப்பைத் திருத்தும் தீர்மானத்தை அந்தக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது.