பிளேடைக் கெடுத்தது சுண்ணாம்பு இல்லை

மூன்று நாள் வீண். மெழுகில் பதித்த பெருங்குடல் திசுவை மைக்ரோடோமில் (திசுவை மெல்லிசாகச் சீவும் கருவி) 4 மைக்ரானுக்குச் சீவினால், ஒவ்வொரு சீவலிலும் ஒரே இடத்தில் நெடுங்கிழிசல். புது பிளேடு போட்டேன்; உடனே அதே கோடு. சுண்ணாம்புப் படிவோ என்று மெழுகுக் கட்டியின் முகத்தை அமிலத்தில் ஊறவைத்தேன், பலனில்லை. உலோகமோ என்று காந்தம் காட்டினேன், அசைவில்லை. அங்கேதான் ஏமாந்தேன்: டைட்டேனியம் காந்தத்துக்கு மசியாது, அந்த அமிலத்திலும் கரையாது. கட்டியை விளக்கடியில் சாய்த்தபோது ஊசிமுனையளவு மினுக்கம். அறுவையில் குடலை மூடப் போட்ட டைட்டேனியம் ஸ்டேப்பிள்! மெழுகை உருக்கி, இடுக்கியால் எடுத்து, மறுபடி வார்த்தேன், கிழிசல் நின்றது.

எடுக்க வேண்டியவர் யார்? ஆய்வகத்தில் திசுவை வெட்டிக் கேசட்டில் (திசு வைக்கும் சிறு பெட்டி) வைக்கும் நாங்கள்தான். அறுவை அரங்கில் பிடுங்கினால் வெட்டு விளிம்பு சிதைந்துவிடும். திசுவோடு அனுப்பும் படிவத்தில் 'ஸ்டேப்பிள் உண்டு' என்று எழுதினால் போதும் என்று அறுவை மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறேன்.