கபடிப் பிடி ரக்பிக்கு ஆகாது: டாக்கிள், ரக், மாலில் வரும் தவறுகள்

குமரிக் கடற்கரை ஊர்களிலோ நாகர்கோவில் பக்கத்திலோ கபடி ஆடிப் பழகிய கை, ரக்பிக்கு வந்ததும் முதலில் செய்யும் தப்பு பிடியை விடாமல் இருப்பது. கபடியில் ரெய்டர் விழுந்த பிறகும் அமுக்கிப் பிடிப்பதுதான் சாமர்த்தியம். ரக்பியில் அது பெனால்டி.

எதிராளி பிடித்திருக்கையில் பந்துக்காரரின் ஒரு முழங்கால் தரையில் பட்டாலே, அல்லது அவர் உட்கார்ந்தாலே, டாக்கிள் (பந்துக்காரரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது) முடிந்தது. அவரோடு விழுந்தவர் உடனே விட்டு விலக வேண்டும். எழுந்து நின்ற பிறகே பந்தில் கை வைக்கலாம். விழாமல் நின்றபடி பிடித்தவரும் ஒருமுறை தெளிவாகக் கையை எடுத்துக் காட்டித்தான் பந்தைப் பறிக்க வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். கீழே கிடப்பவரும் பந்தைக் கட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. உடனே தன் பக்கம் வைக்க வேண்டும் அல்லது கொடுத்துவிட வேண்டும். கபடியின் கணுக்கால் பிடி இங்கே நன்றாகவே உதவும். ஆனால் கையைச் சுற்றாமல் தோளால் இடித்தாலும், தோளுக்கு மேலே பிடித்தாலும் தப்பு, கார்டும் வரலாம்.

பந்து தரையில் இருக்க, இரு அணியிலும் தலா ஒருவராவது நின்றபடி அதன் மேலே மோதிக்கொண்டால் ரக். இனி கை கூடாது, கால்தான். ரக் அமைவதற்கு முன்பே பந்தில் கை வைத்து, விழாமல் நிற்பவருக்கு மட்டும் விலக்கு. பக்கவாட்டில் நுழைவதுதான் இங்கே அதிகம் பிடிபடுவது: தன் அணியின் கடைசி ஆளுக்குப் பின்னாலிருந்தோ, அவர் பக்கத்திலோதான் சேர வேண்டும். பந்தை வென்ற பிறகு ரெஃபரி ‘யூஸ் இட்’ (பந்தை எடுத்து ஆடு) என்றால் 5 விநாடிக்குள் ஆட வேண்டும். தாமதித்தால் ஸ்கிரம் (இரு அணியும் தோளோடு தோள் பூட்டித் தள்ளி ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) எதிரணிக்கு.

மாலில் பந்து கையில், எல்லாரும் நின்றபடி. குறைந்தது 3 பேர்: பந்துக்காரர், அவரைப் பிடித்த எதிராளி, பந்துக்காரரைப் பற்றிய சக ஆட்டக்காரர். அந்த மூன்றாம் ஆள் சேரும்வரை கீழே இழுத்தால் நல்ல டாக்கிள். சேர்ந்த பிறகு அதே இழுப்பு பெனால்டி. பந்து வெளியே வராமல் மால் நின்றுபோனால், தொடக்கத்தில் பந்து இல்லாத அணிக்கே ஸ்கிரம். அதனால்தான் தடுப்பவர்கள் பந்துக்காரரை விழவிடாமல் தாங்கிப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

டாக்கிள் பழகக் கடல்மணல் அருமை. மாலுக்கு மட்டும் வேண்டாம்: கால் புதைந்து ஒருவர் சரிந்தால் மொத்தக் கூட்டமும் அவர் மேல் விழும்.