காரின் முகப்பை மாற்றும் முன்: உதிரிப் பாக வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய கார் வாங்கிய சில மாதங்களிலேயே கிரில்லையும் பம்பரையும் மாற்றிப் பார்க்கும் ஆசை நெல்லைச் சீமையிலும் பரவலாகிவிட்டது. அந்த ஆசையில் தவறேதும் இல்லை. ஆனால் இத்தகைய பாகங்களை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் நிற்கிற வண்டியைப் பார்த்தே வரைகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த பாகமோ ஓடுகிற வண்டிக்காக இரண்டு மூன்று வேலைகளைச் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்றை மட்டும் கண்டு மற்றவற்றை விட்டுவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கிரில்லையே எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. கம்பியில் 6 மி.மீ. சதுரக் கண்கள் கொண்ட வலை பார்வைக்குத் திறந்த வெளி போலத் தெரிந்தாலும், அதன் பரப்பில் காற்றுக்கு வழிவிடுவது ஏறத்தாழ 56 விழுக்காடுதான். கண்ணை 10 மி.மீ. ஆக்கினால் அது 69 விழுக்காடாக உயர்கிறது. நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது காற்று தானாகவே மோதி உள்ளே நுழைவதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ, மின்விசிறி இழுக்கும் காற்றை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால், ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் இருப்பதால் முதலில் குறைவது ஏ.சி.யின் குளிர்ச்சிதான். வண்டிக்காரர் கிரில்லைச் சந்தேகிக்காமல் ஏ.சி.க்குக் கேஸ் நிரப்பச் செல்கிறார். செலவாகிறதே தவிர, காரணம் அப்படியே இருக்கிறது. கிரில்லை மாற்றும்போது பக்கவாட்டுக் காற்றுத் தடுப்புகளைத் தேவையற்ற பிளாஸ்டிக் என்று கழற்றி எறிவது இதைவிட மோசம். எஞ்சின் அறையின் வெந்த காற்று அந்த இடைவெளி வழியாகச் சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே நுழைந்துவிடும்.

அடுத்தது முன்பக்கக் காப்புக் கம்பி. ஆடு மாடுகள் குறுக்கே வரும் ஊர் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். வண்டியின் அடிச்சட்டத்தோடு நேராக இணைக்கப்பட்ட அந்தக் கம்பி, நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியைத் தாண்டி, மோதலை உள்ளே கடத்துகிறது. அதிர்வின் தன்மையைக் கொண்டு முடிவெடுக்கும் ஏர்பேக் உணரிகளையும் குழப்பக்கூடும். நடந்து செல்பவருக்கு நேரும் காயமும் கடுமையாகும். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கம்பிகள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மாநில அரசுகளுக்கு எழுதியது. இதை எவ்வளவு அழகாக வளைத்தாலும் நல்ல வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஹெட்லைட்டிலும் இதே கதைதான். ஹாலஜன் பல்பின் இழை எங்கே இருக்கும் என்பதைக் கணக்கிட்டே பிரதிபலிப்பான் வளைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமும் அதன் வடிவமும் மாறிவிடுவதால், வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் சிதறலாம். 60/55 வாட் பல்புக்கான இடத்தில் 100 வாட் பல்பைப் போட்டால் ஹோல்டர் உருகவும் வாய்ப்புண்டு.

சக்கரத்தைப் பெரிதாக்குவதில் கணக்கு எளிது. டயரில் எழுதியிருக்கும் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.; 195/55 ஆர்16 டயருக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வருவதால் வேகமானி பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் 132 மி.மீ.யிலிருந்து 107 மி.மீ.யாகக் குறைவதால் குழியில் விழும் அடி நேராக ரிம்முக்கே போகிறது. முகம் மூடிய அலாய் வீல் மாஞ்சோலை இறக்கத்தில் பிரேக்கின் சூட்டை வெளியேறவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வெறும் இருபக்க ஒட்டுநாடாவை நம்பிக் கூரை ஸ்பாய்லரை, அதாவது கூரையின் பின்விளிம்பில் நிற்கும் காற்றுத் தகட்டை, பொருத்துபவர்கள், தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மாதங்களில் பணகுடிப் பக்கம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால், மணிக்கு 60 கி.மீ.யில் அசையாத பாகம் 90 கி.மீ.யில் இரண்டேகால் மடங்கு இழுப்பைத் தாங்கியாக வேண்டும்.

உவரி, கூடங்குளம் போன்ற கடலோர ஊர்களுக்கு அனுப்பும் பாகமென்றால் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டுவிட்டால் கவலையில்லை என்று நினைப்பது பாதி அறிவு. போல்ட் பளபளப்பாகவே இருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப் பொடியாகும். இரு உலோகங்களும் நேராகத் தொடாதபடி நைலான் வாஷர், உறை போன்றவற்றால் பிரித்து வைப்பது சில ரூபாய் வேலைதான்.

இன்னொரு சிறு விஷயம், பலரும் மறப்பது: பம்பரில் இழுவைக் கொக்கி திருகுவதற்கான துளை. வரைபடத்தில் அது அசிங்கமாகத் தெரிகிறதென்று மூடி வார்த்துவிடுவார்கள். பிறகு வண்டி எங்காவது மலைப்பாதையில் படுத்துக்கொள்ளும்போது, கயிற்றோடு உதவிக்கு வந்தவர் அந்தப் புதிய பம்பரை உடைத்துத்தான் துளையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.